சிஜிஇ மாதிரியை வளைந்துகொடுக்கும்படி கட்டுவது எப்படி

சுங்க வரியைக் குறைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்காக, நாட்டின் பொருளாதாரத்தைச் சமன்பாடுகளாக எழுதும் ஒரு சிஜிஇ மாதிரியைக் கட்டுகிறீர்கள். அது ஓடி முடிந்ததும் அடுத்த கேள்வி எரிபொருள் மானியத்தைப் பற்றி வரும். அதற்கடுத்து குறைந்தபட்சக் கூலி. ஒவ்வொரு கேள்விக்கும் சமன்பாடுகளுக்குள் கைவைத்துக்கொண்டே போனால், மூன்றாவது கேள்வியின்போது எந்தச் சமன்பாட்டை எதற்காகத் திருத்தினோம் என்பது திருத்தியவருக்கே தெரியாது. முதல் கேள்விக்கான விடையை மறுபடி எடுத்துப் பார்த்தால் எண் மாறியிருக்கும். தேசியக் கொள்கை மாதிரிகள் இப்படியும் கைவிடப்படுகின்றன.

இதற்குத் தீர்வு பெரிய மாதிரி அல்ல. தரவு, மக்களும் நிறுவனங்களும் நடந்துகொள்ளும் விதம் பற்றிய அனுமானங்கள், எதை நிலையாகப் பிடித்துக்கொள்கிறோம் என்ற முடிவு ஆகிய மூன்றையும் சமன்பாடுகளுக்கு வெளியே வைக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வேலையைப் பற்றியதுதான்.

சிஜிஇ என்பது கணக்கிடத்தக்க பொதுச் சமநிலை மாதிரி. ஒரு நாட்டின் எல்லாத் துறைகளும், குடும்பங்களும், அரசும், வெளிநாட்டு வணிகமும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியில் இருக்கும். எல்லாச் சந்தைகளும் ஒரே நேரத்தில் சமநிலைக்கு வரும் விலைகளைக் கணினி தேடும். 1960இல் லெய்ஃப் ஜொஹான்சன் நார்வேக்குக் கட்டிய பலதுறை மாதிரியை இந்த வகையின் தொடக்கமாகச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் ஓரானி மாதிரி அதே வழியில் வளர்ந்தது. இஃப்ப்ரி எனப்படும் சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் 2002இல் வெளியிட்ட தரநிலை மாதிரி, க்ளோஷர்களை, அதாவது எதை நிலையாகப் பிடிப்பது என்ற முடிவுகளை, தேர்ந்து மாற்றும் வசதியோடு பல நாடுகளுக்குப் பொதுவாக எழுதப்பட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதன் அமைப்பை ஒருமுறை வரிவரியாகப் படித்துவிடுவது நல்லது.

முதல் படி: கேள்விப் பட்டியல்

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளில், அடுத்த இரண்டு ஆண்டுகளில் இந்த மாதிரியிடம் கேட்கப்போகும் பத்துக் கேள்விகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்தக் கருவியை மாற்றுவோம் (வரி விகிதம், மானியம், அரசுச் செலவு), எந்த எண்ணைப் பார்ப்போம் (வேலைவாய்ப்பு, ஏழைக் குடும்பங்களின் நுகர்வு, ஏற்றுமதி) என்று குறியுங்கள். துறைகளை எவ்வளவு பிரிப்பது என்பதை இந்தப் பட்டியல்தான் தீர்மானிக்க வேண்டும். எரிபொருள் மானியம் பட்டியலில் இருந்தால் பெட்ரோலியமும் மின்சாரமும் தனித்தனித் துறைகளாக இருந்தே ஆக வேண்டும். பட்டியலில் இல்லாத துறையை, தரவு கிடைக்கிறது என்பதற்காக மட்டும் பிரிக்க வேண்டாம்.

இரண்டாம் படி: சமூகக் கணக்கு அணி

மாதிரியின் அடித்தளம் சமூகக் கணக்கு அணி. இந்தத் துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக 'சாம்' என்பார்கள். இது ஒரு சதுர அட்டவணை. நிரையில் அந்தக் கணக்குக்கு வரும் வரவு, நிரலில் அது கொடுக்கும் செலவு. ஒவ்வொரு கணக்கிலும் நிரைக் கூட்டுத்தொகையும் நிரல் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும்.

சிறிய உதாரணம் ஒன்றைக் கையால் போட்டுப் பாருங்கள். உற்பத்தி 200 அலகு. அதில் இடைநிலை உள்ளீடுகள் 90, கூலியும் மூலதன வருமானமும் சேர்ந்து 110. இறக்குமதி 40, அதன் மீதான சுங்க வரி 4. ஆகப் பொருள்களின் மொத்த வரத்து 244. அது போகும் இடங்கள்: இடைநிலை உள்ளீடு 90, குடும்ப நுகர்வு 84, அரசு நுகர்வு 16, முதலீடு 24, ஏற்றுமதி 30. கூட்டினால் அதே 244. குடும்பத்துக்கு வரும் 110இல் நுகர்வு 84, வருமான வரி 14, சேமிப்பு 12. அரசுக்குச் சுங்கம் 4, வருமான வரி 14, ஆக 18. செலவு 16, சேமிப்பு 2. வெளிநாட்டுக்கு நாம் கொடுப்பது 40, அங்கிருந்து வருவது 30, மீதி 10 வெளிநாட்டுச் சேமிப்பு. மூன்று சேமிப்புகளையும் கூட்டினால் 12, 2, 10, ஆக 24. முதலீடும் 24. மொத்த உள்நாட்டு உற்பத்தி மதிப்பை (ஜிடிபி) செலவு வழியில் போட்டால் 84, 16, 24, 30 கூட்டி 40 கழிக்க 114. வருமான வழியில் 110உம் 4உம் சேர்ந்து 114. இந்த எட்டுப் பத்து எண்களைப் பார்க்காமலே சொல்லும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் க்ளோஷர் விவாதம் முழுவதும் இவற்றின் மேல்தான் நிற்கிறது.

உண்மையான தரவு இப்படி அழகாகச் சமன்படாது. உள்ளீடு-வெளியீட்டு அட்டவணை ஓர் ஆண்டுடையது, அரசுக் கணக்கு வேறோர் ஆண்டுடையது, குடும்பச் செலவு ஆய்வு இன்னோர் ஆண்டுடையது. சமன்படுத்த இரண்டு வழிகள் பழக்கத்தில் உள்ளன. ராஸ் முறை, நிரைகளையும் நிரல்களையும் மாறிமாறி விகிதப்படி பெருக்கித் தெரிந்த கூட்டுத்தொகைகளுக்குக் கொண்டுவரும். எளிது, ஆனால் கூட்டுத்தொகைகள் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். குறுக்கு என்ட்ரோபி முறை, எந்த எண்ணை எவ்வளவு நம்புகிறோம் என்று சொல்ல இடம் தரும். எந்த முறையானாலும் சுங்க வரி வசூல், மொத்த ஏற்றுமதி போன்ற நம்பகமான எண்களை முதலில் பூட்டிவிடுங்கள். பூட்டாமல் ஓடவிட்டால், பிழை முழுவதும் நீங்கள் ஆராயப்போகும் வரிக் கட்டத்திலேயே போய் உட்கார வாய்ப்புண்டு.

இங்கே மூன்று இடறல்கள் அடிக்கடி வரும். ஒன்று, சரக்கிருப்பு குறைந்த ஆண்டில் எதிர்மறை எண் வரும். அதை முதலீட்டோடு கலக்காமல் தனிக் கணக்காக வைத்து நிலையாகப் பிடியுங்கள். இரண்டு, மிகச் சிறிய கட்டங்கள். அணியின் பெரிய எண் கோடிக்கணக்கிலும் சிறிய எண் ஒன்றுக்குக் கீழேயும் இருந்தால், சமன்பாடுகளைத் தீர்க்கும் மென்பொருளான தீர்வுநிரல் தடுமாறும். பொருளற்ற சிறிய கட்டங்களைப் பூஜ்ஜியமாக்கி மறுபடி சமன்படுத்துங்கள். முழு அணியையும் ஒரே எண்ணால் வகுத்து, முக்கியமான கட்டங்கள் 1 முதல் 1000 வரைக்குள் வரும்படி செய்யுங்கள். மூன்று, உள்நாட்டில் உற்பத்தியே செய்யாத பொருளை ஏற்றுமதி செய்வதாகவோ, உற்பத்தி செய்வதைவிட அதிகமாக ஏற்றுமதி செய்வதாகவோ அணி சொல்லலாம். மறு ஏற்றுமதி இருக்கும் நாடுகளில் இது உண்மையாகவே இருக்கும். ஆனால் அதற்கெனத் தனிப் பாதை போடாமல் விட்டால் உள்நாட்டு விற்பனை எதிர்மறையாகிவிடும்.

மூன்றாம் படி: நடத்தை விதிகள்

உள்நாட்டுப் பொருளும் இறக்குமதியும் ஒன்றுக்கொன்று ஓரளவே மாற்று என்ற அனுமானம் 1969இல் ஆர்மிங்டன் முன்வைத்தது. ஏறக்குறைய எல்லா தேசிய மாதிரிகளிலும் இது இருக்கிறது. இதற்குப் பயன்படுவது மாறாத மாற்றீட்டு நெகிழ்ச்சிச் சார்பு. விலை மாறும்போது ஒன்றை விட்டு மற்றதற்கு எவ்வளவு எளிதாக மாறுவார்கள் என்ற அளவுதான் மாற்றீட்டு நெகிழ்ச்சி. அதற்கு வேண்டிய பங்குக் குணகத்தை அணியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதற்குப் பெயர் காலிபரேஷன்.

இறக்குமதி 20, உள்நாட்டுப் பொருள் 80, மாற்றீட்டு நெகிழ்ச்சி 2, எல்லா விலையும் 1 என்று வையுங்கள். இறக்குமதிக் குணகத்துக்கும் உள்நாட்டுக் குணகத்துக்கும் உள்ள விகிதம், 20ஐ 80ஆல் வகுத்து அதன் வர்க்கமூலம், அதாவது 0.5. ஆகவே இறக்குமதிக் குணகம் மூன்றில் ஒன்று. மொத்தம் 100 வர வேண்டும் என்பதால் சார்பின் முன்னால் நிற்கும் பெருக்கி 1.8. கையால் போட்ட இந்த எண்ணே உங்கள் கணினி நிரலிலும் வந்தால் அது சரி என்று தெரியும்.

இப்போது அதே 20க்கு 10% சுங்க வரி இருப்பதாகக் கொள்ளுங்கள். வாங்குபவர் தரும் விலை 1.1. விகிதம் 0.5 அல்ல, 0.55, குணகம் 0.333 அல்ல, 0.355. வரியை மறந்து விலையை 1 என்றே வைத்தவர்களின் மாதிரியும் பிழைச்செய்தி தராமல் ஓடும், சுங்கத்தைப் பற்றி மட்டும் தவறாகச் சொல்லும். புதியவர்கள் செய்யும் பிழைகளில் கண்டுபிடிக்கக் கடினமானது இதுதான்.

வளைந்துகொடுக்கும் மாதிரிக்கு எங்கள் பரிந்துரை, சார்புகளைப் பங்கு வடிவில் எழுதுவது. குணகங்களைத் தனியே வைக்காமல், அடிப்படை ஆண்டின் செலவுப் பங்கு, அடிப்படை விலை, நெகிழ்ச்சி ஆகிய மூன்றை மட்டும் கொண்டு எழுதும் வடிவம் அது. இதில் நெகிழ்ச்சியை 2இலிருந்து 4ஆக மாற்றினாலும் அடிப்படை ஆண்டுத் தீர்வு அசையாது. மேலே சொன்ன 20க்கு 80 உதாரணத்தில், வரியில்லா நிலையிலிருந்து இறக்குமதி விலை 10% ஏறினால், கலப்புப் பொருளின் விலை 1.85% ஏறும். கலப்பின் அளவு மாறாமல் இருந்தால் இறக்குமதி சுமார் 14.3% குறையும், உள்நாட்டுப் பொருள் 3.7% கூடும். இந்த எண்களை உங்கள் நிரலைச் சோதிக்கும் கல்லாக வைத்துக்கொள்ளலாம். நெகிழ்ச்சி சரியாக 1 ஆகும்போது சூத்திரத்தில் பூஜ்ஜியத்தால் வகுக்க நேரும். 1.001 என்று கொடுத்துவிடலாம், அல்லது காப்-டக்ளஸ் வடிவத்துக்குத் தனிச் சமன்பாடு எழுதலாம். இரண்டாவது சுத்தமானது.

உற்பத்தியை அடுக்குகளாக அமையுங்கள். உழைப்பும் மூலதனமும் ஓர் அடுக்கு, அதோடு எரிசக்தி அடுத்த அடுக்கு, அதற்கு மேல் பிற உள்ளீடுகள். ஒவ்வோர் அடுக்கின் நெகிழ்ச்சியும் தரவுக் கோப்பிலிருந்து வர வேண்டும். எரிசக்தி அடுக்கின் நெகிழ்ச்சியை இன்று 0 என்று கொடுத்தால் அது லியொன்டீஃப் வடிவில் நிலையான விகிதமாக நடந்துகொள்ளும். நாளை எரிபொருள் வரிக் கேள்வி வரும்போது 0.5 என்று மாற்றினால் போதும். 0ஆகவே விட்டுவிட்டால், தொழிற்சாலைகள் எரிபொருளைச் சிக்கனப்படுத்தவே முடியாது என்று மாதிரி நம்பிக்கொண்டு, வரியின் சுமையை மிகைப்படுத்திக் காட்டும்.

குடும்ப நுகர்வுக்கு நேரியல் செலவு முறை பரவலாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு பொருளிலும் கட்டாயத் தேவை ஒன்று உண்டு. மீதிப் பணம் நிலையான பங்குகளில் பிரியும். இதற்கு வருமான நெகிழ்ச்சிகளும் (வருமானம் 1% கூடினால் ஒரு பொருளின் நுகர்வு எத்தனை சதவீதம் கூடும் என்பது) ஃபிரிஷ் அளபுரு என்ற ஓர் எதிர்மறை எண்ணும் (மொத்தச் செலவை அந்த மீதிப் பணத்தால் வகுத்து, கழித்தல் குறி இட்டது) தேவை. வருமான நெகிழ்ச்சிகளைச் செலவுப் பங்குகளால் பெருக்கிக் கூட்டினால் 1 வர வேண்டும்; வராவிட்டால் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் திருத்துங்கள். எந்தப் பொருளின் வருமான நெகிழ்ச்சியும் ஃபிரிஷ் எண்ணின் அளவைத் தாண்டக் கூடாது. பங்கு 0.1, நெகிழ்ச்சி 1.5, ஃபிரிஷ் -2 என்றால் கட்டாயத் தேவை மொத்தச் செலவில் 0.025. ஃபிரிஷ் -1.2 என்றால் அது -0.025, எதிர்மறை. பணக்காரக் குடும்பப் பிரிவுகளில் இது அடிக்கடி வரும்.

நான்காம் படி: க்ளோஷர்

மாதிரியின் விடையை மற்ற எதைக் காட்டிலும் அதிகமாக மாற்றுவது க்ளோஷர். எந்த மாறிகள் மாதிரிக்குள் தீர்மானமாகின்றன, எவற்றை நாம் வெளியிலிருந்து நிலையாகக் கொடுக்கிறோம் என்ற தேர்வு அது. 1963இல் அமர்த்தியா சென் இதன் மூலத்தைக் காட்டினார். முதலீடு முன்கூட்டியே முடிவானது, எல்லோருக்கும் வேலை உண்டு, உழைப்பு, மூலதனம் ஆகிய காரணிகளுக்கு அவற்றின் இறுதிநிலை உற்பத்திக்கு (கடைசி அலகு கூட்டித்தரும் உற்பத்திக்கு) ஏற்ற ஊதியம், சேமிப்பு வருமானத்தைப் பொறுத்தது, சேமிப்பும் முதலீடும் சமம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டால் சமன்பாடுகள் மாறிகளைவிட அதிகமாகிவிடுகின்றன. ஏதாவது ஒன்றைக் கைவிட்டே ஆக வேண்டும். எதைக் கைவிடுகிறோம் என்பது ஒரு பொருளாதாரக் கோட்பாட்டைத் தேர்வு செய்வதற்குச் சமம்.

நம் சிறிய அணியில் சுங்கத்தை நீக்குவோம். அரசுக்கு 4 குறைகிறது. வேறு விலை மாற்றங்கள் வரும் முன், முதல் சுற்றில் மட்டும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அரசுச் செலவையும் வருமான வரியையும் நிலையாகப் பிடித்தால் அரசுச் சேமிப்பு 2இலிருந்து -2 ஆகும். முதலீடு சேமிப்பைப் பின்தொடரும் என்றால் அது 24இலிருந்து 20க்கு, அதாவது சுமார் 17% விழும். அரசுச் சேமிப்பை நிலையாக்கி வருமான வரியை ஈடுகட்ட விட்டால், விகிதம் 12.7%இலிருந்து 16.4%க்கு ஏறும், அடி குடும்பத்துக்கு விழும். அரசுச் செலவை ஈடுகட்ட விட்டால் அது 16இலிருந்து 12க்கு இறங்கி, பள்ளியும் மருத்துவமனையும் சுருங்கும். ஒரே வரிக் கொள்கை, மூன்று வேறு கதைகள். எந்த க்ளோஷரில் ஓட்டினோம் என்று சொல்லாமல் வெளியிடப்படும் முடிவை யாரும் பயன்படுத்தக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

வெளிநாட்டுக் கணக்கிலும் இதே கவனம் தேவை. வெளிநாட்டுச் சேமிப்பை 10இல் நிலையாக்கினால், சுங்கம் நீங்கி இறக்குமதி பெருகும்போது உண்மை மாற்று விகிதம் சரிந்து, அதாவது நம் பொருள்கள் வெளிநாட்டுக்கு மலிவாகி, ஏற்றுமதி கூடிச் சமன்படும். மாற்று விகிதத்தை நிலையாக்கி வெளிநாட்டுச் சேமிப்பை மிதக்க விட்டால், கூடுதல் இறக்குமதிக்கு வெளிநாடு திருப்பிக் கேட்காத பணம் தருவதாக மாதிரி எடுத்துக்கொள்ளும். மக்கள் நலம் உயர்ந்ததுபோலத் தெரியும், அது கடன். ஓராண்டு மாதிரியில் நலன்களை ஒப்பிட வேண்டுமென்றால் வெளிநாட்டுச் சேமிப்பு, உண்மை முதலீடு, உண்மை அரசு நுகர்வு மூன்றையும் நிலையாக்கி, மாற்றம் முழுவதும் குடும்ப நுகர்வில் விழும்படி செய்யுங்கள். இதற்கு ஜொஹான்சன் க்ளோஷர் என்று பெயர்.

உழைப்புச் சந்தையில் குறுகிய காலத்துக்குக் கூலியை நிலையாக்கி வேலைவாய்ப்பை மாற விடலாம். மூலதனம் துறைக்குத் துறை நகராது. நீண்ட காலத்துக்கு வேலைவாய்ப்பை நிலையாக்கிக் கூலியை மாற விடலாம், மூலதனம் நகரும்.

நிரலில் இதை எப்படி எழுதுவது? ஒவ்வொரு க்ளோஷருக்கும் தனிச் சமன்பாடு எழுத வேண்டாம். போட்டியிடும் எல்லாவற்றையும் மாறிகளாகவே அறிவியுங்கள்: அரசுச் சேமிப்பு, வரித் திருத்தி, அரசு நுகர்வுத் திருத்தி, முதலீட்டுத் திருத்தி. திருத்தி என்பது அடிப்படை எண்ணை ஏற்றி இறக்கும் மாறி. பிறகு க்ளோஷர் கோப்பு ஒன்றில் எவை நிலையானவை என்ற பட்டியலை மட்டும் வையுங்கள். ஒன்றை அவிழ்த்தால் ஒன்றைக் கட்ட வேண்டும். மாறிகளின் எண்ணிக்கையும் சமன்பாடுகளின் எண்ணிக்கையும் எப்போதும் சமம். வரித் திருத்தி பெருக்கலாக மட்டும் இருந்தால், அடிப்படை விகிதம் பூஜ்ஜியமாக உள்ள குடும்பப் பிரிவின் வரி எந்நாளும் பூஜ்ஜியம்தான். ஆகவே கூட்டல் திருத்தி ஒன்றையும் சேர்த்து வையுங்கள்.

ஐந்தாம் படி: கோப்புகளும் மென்பொருளும்

காம்ஸ், ஜெம்பாக் இரண்டும் இந்தத் துறையில் நீண்ட காலமாக இருப்பவை. காம்ஸில் சமன்பாடுகளை அளவு வடிவில், அதாவது மாற்றங்களாக அல்லாமல் முழு மதிப்புகளாக எழுதி, பாத் அல்லது கோனாப்ட் தீர்வுநிரலால் தீர்ப்பார்கள். ஜெம்பாக்கில் சதவீத மாற்ற வடிவில் எழுதுவது மரபு. படிக்க எளிது, பெரிய மாதிரிகளுக்கு வேகமானது. ஆனால் ஒரே படியில் தீர்த்தால் நேர்கோட்டுப் பிழை வரும். விலையும் அளவும் ஒவ்வொன்றும் 50% கூடினால் மதிப்பு 125% கூடும். ஒரே படிக் கணக்கு 100% என்று சொல்லும். அதனால் பெரிய அதிர்வுகளை, அதாவது மாதிரிக்குள் கொடுக்கும் கொள்கை மாற்றங்களை, பல படிகளாகப் பிரித்தே தீர்க்க வேண்டும்.

தரவு, துறைப் பட்டியல், நெகிழ்ச்சிகள், சமன்பாடுகள், க்ளோஷர், அதிர்வு, அறிக்கை ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. சமன்பாட்டுக் கோப்பில் எந்தத் துறையின் பெயரும் எந்த எண்ணும் வரக் கூடாது. 'நெல்' என்ற சொல் அங்கே ஓரிடத்தில் வந்துவிட்டால், அடுத்த முறை துறைகளைச் சேர்க்கும்போது மாதிரி உடையும். விவரமான அணியை ஒரு முறை கட்டி, பொருத்தப் பட்டியல் ஒன்றின் மூலம் கேள்விக்கு ஏற்ற சிறிய அணியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் 3 துறைகளோடு ஓட்டிப் பழகுங்கள். 30 துறைகளில் தேடினால் ஒரு நாள் பிடிக்கும் பிழை, 3 துறைகளில் பத்து நிமிடத்தில் கண்ணில் படும்.

ஆறாம் படி: நான்கு சோதனைகள்

எந்தக் கொள்கையையும் ஓட்டும் முன் இவற்றைக் கடந்தே தீர வேண்டும்.

அதிர்வு எதுவும் கொடுக்காமல் ஓட்டுங்கள். அணியில் உள்ள எல்லா எண்களும் அப்படியே திரும்ப வர வேண்டும். தீர்வுநிரல் ஒரு சுற்றுகூடச் சுற்றத் தேவை இருக்கக் கூடாது. சுற்றினால் காலிபரேஷனில் பிழை. எந்தச் சமன்பாட்டில் மீதி பெரிதாக நிற்கிறதோ அங்கிருந்து தேடுங்கள்.

அடுத்து, எல்லா விலைகளையும் எதனோடு ஒப்பிடுகிறோமோ அந்த அளவுகோல் விலையை இரட்டிப்பாக்குங்கள். பணமதிப்புகள் எல்லாம் இரட்டிப்பாக வேண்டும், அளவுகள் துளியும் மாறக் கூடாது. மாறினால், எங்கோ ஒரு தொகை வெறும் பண எண்ணாக நிலைத்திருக்கிறது. பெரும்பாலும் அது அரசு குடும்பங்களுக்குத் தரும் ஓய்வூதியமோ உதவித்தொகையோதான். அதை விலைக் குறியீட்டோடு பிணையுங்கள்.

மூன்றாவது, வால்ராஸ் விதிப்படி ஒரு சந்தைச் சமன்பாடு மற்றவற்றிலிருந்து தானே கிடைக்கும். சேமிப்பு-முதலீட்டுச் சமன்பாட்டில் ஒரு வெற்று மாறியைச் சேர்த்து வையுங்கள். பெரிய அதிர்வு கொடுத்த பிறகும் அது பூஜ்ஜியமாக நிற்க வேண்டும். நின்றால், பணம் எங்கும் கசியவில்லை.

கடைசியாக, அதிர்வுக்குப் பிறகும் உள்நாட்டு உற்பத்தி மதிப்பு வருமான வழியிலும் செலவு வழியிலும் ஒன்றாக வர வேண்டும். இந்த நான்கையும் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் தானாக ஓடும்படி வைத்துவிடுங்கள்.

ஏழாம் படி: காலத்தைச் சேர்ப்பது

ஓராண்டு மாதிரி நன்றாக நிற்கும்வரை இதைத் தொட வேண்டாம். தொடும்போது எளிய வழி ஆண்டுக்காண்டு தொடர்வது: இந்த ஆண்டு மூலதனத்தில் தேய்மானம் கழித்து, முதலீட்டைக் கூட்டினால் அடுத்த ஆண்டு மூலதனம். இங்கே தொடக்க மூலதன இருப்பு உறுத்தும். வளர்ச்சி 5%, தேய்மானம் 4% என்றால் முதலீடு மூலதனத்தில் 9% இருக்க வேண்டும். நம் அணியில் முதலீடு 24 என்பதால் மூலதனம் சுமார் 267. வேறு மூலத்திலிருந்து 400 என்று எடுத்தால் முதலீட்டு விகிதம் 6% ஆகி, மூலதனம் 2% மட்டுமே வளரும். கொள்கை மாற்றம் இல்லாத உங்கள் அடிப்படைப் பாதையின் 5% வளர்ச்சியை எட்ட, உற்பத்தித்திறன் நம்ப முடியாத அளவுக்கு ஏற வேண்டியிருக்கும். கொள்கையின் விளைவு என்பது கொள்கைப் பாதைக்கும் அடிப்படைப் பாதைக்கும் உள்ள இடைவெளி. முதல் ஆண்டிலிருந்து கடைசி ஆண்டு வரை நடந்த மாற்றம் அல்ல.

எட்டாம் படி: முடிவை நம்பும் முன்

வெளிநாட்டு வணிகத்துக்கான நெகிழ்ச்சிகளைப் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் ஓட்டுங்கள். விடையின் அளவு மாறுவது இயல்பு. குறி மாறினால், கூட்டலிலிருந்து கழித்தலுக்குப் போனால், அந்த முடிவை ஒற்றை எண்ணாகச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. குறைந்தது இரண்டு க்ளோஷர்களில் ஓட்டி இரண்டையும் அருகருகே வையுங்கள். பல வரிகளை ஒன்றாக மாற்றும் திட்டமென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகவும் ஓட்டிப் பாருங்கள். எந்த வரியால் எந்த விளைவு என்று அப்போதுதான் தெரியும்.

பிறகு ஒரு முக்கியமான எண்ணை எடுத்து, அது ஏன் அப்படி வந்தது என்று கணினியின் துணையின்றி ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எந்தத் துறையின் பங்கு எவ்வளவு, நெகிழ்ச்சி எவ்வளவு, விலை எவ்வளவு நகர்ந்தது என்று பெருக்கிப் பார்த்தால் மாதிரியின் எண்ணுக்கு அருகில் வர வேண்டும். வரவில்லை என்றால் அறிக்கையை அனுப்பாமல், சோதனைகளுக்குத் திரும்புங்கள். அனுப்பும்போது அறிக்கையின் முதல் பக்கத்திலேயே க்ளோஷர், அணியின் ஆண்டு, முக்கிய நெகிழ்ச்சிகள், அவற்றைப் பாதியும் இரட்டிப்பும் ஆக்கியபோது வந்த எல்லைகள் ஆகியவற்றை எழுதி, அந்த ஓட்டத்தின் எல்லாக் கோப்புகளையும் ஒரே பதிப்பு எண்ணோடு பூட்டி வையுங்கள்.